பலகைகளின் பள்ளியெழுச்சி

கோயம்புத்தூரில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். நூற்பாலையொன்றின் பராமரிப்புப் பகுதியில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனிதர்களைப் பற்றி அதிகம் பேசாதவர். யந்திரங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாலோ, எதிரில் உட்கார்ந்திருப்பவருடைய காப்பி ஆறி ஆடை படிவதைக்கூடக் கவனியாதவர். சென்ற மார்கழியில் அவர் வீட்டில் நான் தங்கியிருந்தபோது, ஒருநாள் விடியற்காலையில் தெருக்கோடிக் கோவிலின் ஒலிபெருக்கி திருப்பள்ளியெழுச்சியை முழங்கத் தொடங்கவே, உறக்கம் கலைந்து நான் சற்றுச் சலிப்போடு எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து அவர் சிரித்தார்.

"சாமியை எழுப்பறதுக்குப் பாட்டு இருக்குதுங்க. மிஷினை எழுப்பறதுக்கு எங்க ஊர்ல ஒரு அம்மிணி இருக்குது. வர்றீங்களா, பார்த்துட்டு வருவோம்?" என்றார்.

பத்து மணிக்குப் பீளமேட்டுப் பக்கம் ஒரு சந்தில் நுழைந்தோம். கீழே லேத்துப் பட்டறை. மேலே, இரும்பு மாடிப்படி ஏறினால், எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு நீளமான அறை. நூற்பாலைகளின் ரிங் ஃபிரேம்களில் நூல் அறுவதையும் கதிர்கள் சுற்றும் வேகத்தையும் கணக்கெடுத்து ஆபீசுக்கு அனுப்பும் சிறு கணினிப் பலகைகளை, அதாவது அவர்கள் பாஷையில் 'போர்டு'களை, அங்கே தயாரிக்கிறார்கள். 1888-இல் முதல் பஞ்சாலையைக் கண்டு, 1932-இல் பைகாரா மின்சாரம் வந்தபின் ஆலைகளாகவே பெருகிய ஊரில் இப்படியொரு தொழில் கிளைத்தது இயல்புதான். ஆனால் ஆலைச் சங்கைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, உள்ளங்கையளவு பச்சைத் தகடொன்று ஆயிரம் கதிர் சுழலும் யந்திரத்துக்குக் கணக்கப்பிள்ளையாக இருக்கிறது என்பது முதலில் நம்பிக்கைக்கு உரியதாகத் தோன்றவில்லை.

ஜன்னலோரத்து மேஜையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். "வாங்கண்ணா" என்று நண்பரை அழைத்து, எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பூட்லோடர் என்னும் விஷயத்தை எனக்கு விளங்கவைக்க அவர் எடுத்துக்கொண்ட சிரத்தையை நான் மறக்க முடியாது. தம் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துப் பழகிய பொறுமை அதில் இருந்தது.

விஷயம் இதுதான். மின்சாரம் பாய்ந்த க்ஷணத்தில் அந்தப் பலகைக்கு ஒன்றுமே தெரியாது. வேலை செய்யவேண்டிய பெரிய மென்பொருள், அதாவது லினக்ஸ், ஒரு மூலையில் சேமிப்புச் சிப்பில் உறங்குகிறது. அதைக் கொண்டுவந்து இறக்கவேண்டிய 512 மெகாபைட் மெமரியோ, இன்னும் கண் விழிக்கவில்லை. எவ்வளவு கைதேர்ந்த கழைக்கூத்தாடியும் தன் தோள்மேல் தானே ஏற முடியாது என்று தர்க்க சாஸ்திரக்காரர்கள் உதாரணம் சொல்வார்கள். இந்தப் பலகை அந்தக் காரியத்தைத்தான் தினமும் செய்தாக வேண்டியிருக்கிறது.

அவர்கள் உபயோகிப்பது டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியாரின் ஏ.எம். 3358 என்னும் பிராசஸர். பீகிள்போன் பிளாக் என்ற பிரசித்தமான பலகையில் இருப்பதும் இதுவே. அதனுள் 176 கிலோபைட் அளவில், தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டு யாராலும் மாற்ற முடியாத ஓர் ஆதி நிரல் இருக்கிறது. அது விழித்ததும் செய்யும் முதல் காரியம், பலகையின்மேல் பற்றவைத்திருக்கும் சில சிறு ரெசிஸ்டர்களைப் பார்ப்பது. எந்த இடத்தில் முதலில் தேடவேண்டும், அங்கே இல்லையென்றால் அடுத்து எங்கே என்ற கிரமம் அவற்றில் எழுதியிருக்கிறது. தேடிக் கண்டதை, பிராசஸரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் சின்னஞ்சிறு இடத்தில் இறக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் 109 கிலோபைட்டுக்கு மேல் கொள்ளாது. ஆகையால் முதலில் வருபவன் ஒல்லியானவனாக இருக்கவேண்டும். அவன் வந்து வெளி மெமரியைத் தட்டியெழுப்பி இடம் பண்ணியபின், அவனுடைய அண்ணன் வருகிறான். அவனே யூ-பூட். அவன் லினக்ஸைத் தூக்கிவந்து ஆசனத்தில் அமர்த்திவிட்டுத் தான் இருந்த சுவடே இல்லாமல் மறைந்துபோகிறான்.

"எங்கயும் ஒண்ணுமே கிடைக்கலைன்னா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு வெற்றுப் பலகையை எடுத்து, அதில் ஒரு கேபிளைச் செருகி, மின்சாரம் கொடுத்தார். மடிக்கணினியின் கருந்திரையில் ஆங்கில 'சி' எழுத்து ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது: சி, சி, சி, சி. கேபிள் வழியாகவாவது யாரேனும் எதையாவது அனுப்புங்கள் என்று அந்த ஆதி நிரல் கேட்கிறதாம்.

"நம்மளைப் பார்த்து 'சீச்சீ'ங்குதுங்க" என்றார் நண்பர்.

"இது சொன்னா சந்தோஷமுங்கண்ணா. உசுரு இருக்குதுன்னு அர்த்தம். ஒண்ணுமே சொல்லாமப் போனாத்தான் பயம்" என்றார் அந்த அம்மணி.

அடுத்து ஒரு நீலத் திரையைத் திறந்து, யூ-பூட்டில் எந்தெந்த அங்கங்கள் வேண்டும், எவை வேண்டா என்று வரிசையாகத் தேர்ந்து குறியிடுவதைக் காட்டினார். பக்கம் பக்கமாக நீண்ட அந்தப் பட்டியலில் என் மனம் பத்து நிமிஷத்துக்குள் ஜன்னல் வழியே வெளியேறி, கீழே பட்டறைக்காரர் இரும்பு கடைவதைப் பார்க்கப் போய்விட்டது. ஆகவே அதைப் பற்றி நான் எழுதினால் அது புளுகாகத்தான் இருக்கும். என் கண்ணில் பட்டதும் நெஞ்சில் நின்றதும் அந்தக் கேபிள்.

ஒரு முனையில் யூ.எஸ்.பி., மறுமுனையில் தனித்தனியே தொங்கும் கம்பிகள். அவற்றில் மூன்றுதான் உபயோகம்: ஒன்று தரை; ஒன்று பலகை பேசுவதை நாம் கேட்க; மற்றொன்று நாம் பேசுவதைப் பலகை கேட்க. கம்பிகளின் நிறத்தை நம்ப முடியாதாம். செய்கிறவர்கள் ஆளுக்கொரு நிறம் போடுகிறார்கள். அதனால் அவர் தம் நகப்பூச்சால் அடையாளம் இட்டிருந்தார்: கேட்பதற்குச் சிவப்பு, பேசுவதற்கு ரோஜா நிறம், தரைக்கு ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் மூடி உடைந்து, நூற்கண்டு நூலால் இறுகச் சுற்றப்பட்டிருந்தது. புதிது வாங்க இருநூறு ரூபாய்கூட ஆகாது. "இது கைராசிங்க" என்றார். அப்புறந்தான் அந்தக் கதையைச் சொன்னார்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆலைக்கு நாற்பத்தெட்டுப் பலகைகள் போயின. இவர் மேஜையில் ஒவ்வொன்றும் குறையின்றி எழுந்தவை. ஆலையிலோ, மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு எழுவதில்லை. இன்று எழாதது நாளை எழும். நாளை வேறொன்று படுத்துக்கொள்ளும். முதலாளி இவரை அனுப்பினார். பஸ் ஏறிப்போய், பஞ்சுத்தூசி பறக்கும் ரிங் ஃபிரேமின் காலடியில் உட்கார்ந்து, படுத்துக்கிடந்த பலகையில் கேபிளைச் செருகி மின்சாரத்தை நிறுத்திப் போட்டார். எழுந்தது. இருபது தடவை போட்டார். இருபது தடவையும் எழுந்தது. கேபிளைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றால், மறுபடி படுத்துக்கொண்டது. வைத்தியர் நாடி பிடித்திருக்கும்வரை சொஸ்தமாக இருந்து, அவர் வாசல் தாண்டியதும் ஜுரம் காணும் நோயாளியை என்ன செய்வது? ஆலைக்காரர்கள், அம்மிணி கேபிளோடு இங்கேயே குடியிருந்துவிடட்டும் என்று பரிகாசம் செய்தார்களாம்.

இரவு பஸ்ஸில் திரும்பும்போது யோசனை வந்தது. "போன்ல ரெண்டு பேர் பேசறதை ஒட்டுக்கேக்கோணும்னா, நாம மூச்சுக் காட்டக் கூடாதில்லீங்களா?" மறுநாள் போய், மூன்று கம்பிகளில் ரோஜா நிறத்தை மட்டும் செருகாமல் விட்டார். இப்போது பலகை பேசுவதை இவர் கேட்கலாம். இவர் பக்கத்துக் கம்பி பலகையைத் தொடாது. மின்சாரம் போட்டதும் நோய் தன் முகத்தைக் காட்டிவிட்டது.

யூ-பூட் லினக்ஸை எழுப்புமுன் இரண்டு வினாடி காத்திருக்கும். பழுது பார்க்க வந்தவர் யாரேனும் இருந்தால், எந்தச் சாவியையாவது தட்டித் தன்னை நிறுத்தலாம் என்பதற்காக அந்த மரியாதை. ஆலைக்குள்ளோ, மோட்டார்களை ஓட்டும் இன்வெர்ட்டர்களின் மின் இரைச்சல், ஒன்றோடும் சேராமல் வெறுமனே நின்ற அந்தக் கேட்கும் முனையில் புகுந்து, யாரோ சாவி தட்டியதுபோலப் போக்குக் காட்டியிருக்கிறது. பாவம், பலகை என்ன செய்யும்? யாரோ எஜமானர் அழைத்தார் என்றெண்ணி நின்று, உத்தரவுக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது, நாள் முழுவதும். கேபிள் செருகியிருந்த வேளையில் அது அந்த முனையை உறுதியாகப் பிடித்துக்கொண்டதால் இரைச்சலுக்கு இடமில்லாமற் போயிற்று. நோயைப் பார்க்க வந்த கருவியே நோயை மறைத்த விந்தை இது.

பரிகாரம் இரண்டு. அடுத்த தொகுதியில் அந்த முனைக்கு ஒரு ரெசிஸ்டர் வைத்தார்கள்; காசளவில் அற்பம். ஏற்கெனவே போன நாற்பத்தெட்டுக்கும் யூ-பூட்டையே மாற்றினார். எந்தச் சாவிக்கும் நிற்காதே, குறிப்பிட்ட ஒரு சொல்லைச் சொன்னால் மட்டும் நில் என்று கட்டளையிட, நான் அலுத்துக்கொண்ட அந்த நீலத் திரையிலேயே ஓரிடம் இருக்கிறது. கவனித்துக் கேட்டிருக்கலாம் என்று அப்போது வெட்கமாக இருந்தது.

இந்த அம்மணியின் தாயார் ஓர் ஆலையில் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்தவர்; அந்த ஆலை இன்று இல்லை. மகள் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, பலகைக்கு இத்தனை காசு என்ற கணக்கில் பற்றவைக்கத்தான் இங்கே வந்தார். பூட்லோடர் எழுதியவர் சென்னைக்குப் போய்விட, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை அகராதி வைத்துக்கொண்டு இரவில் படித்திருக்கிறார். முதல் மாதத்திலேயே, காத்திருக்கவே வேண்டாம் என்று ஓர் எண்ணையும், தவறான ஒரு கட்டளையையும் சேர்த்துச் சேமித்துவிட்டார். பலகை தப்பான வழியிலேயே ஓடி முட்டிக்கொள்ளும், நிறுத்தவும் வழியில்லை. சம்பளத்தில் பிடித்துவிடுவார்களே என்று சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் தூங்காமலிருந்து, ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் பலகை உள்ளிருப்பதை விட்டு மெமரி கார்டிலிருந்து எழும் என்று கண்டுபிடித்து மீட்டார். முதலாளிக்கு இது இன்றுவரை தெரியாது. எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, அவரு எங்க படிக்கறாரு" என்றார்.

யூ-பூட்டை முதலில் வகுத்தவர் வுல்ஃப்காங் டெங்க் என்னும் ஜெர்மானியர். 1999 வாக்கில் வேறொருவர் எழுதிய சிறு நிரலை எடுத்து வளர்த்து, 2002-இல் இந்தப் பெயர் சூட்டினார். ஜெர்மன் பாஷையில் இது நீர்மூழ்கிக் கப்பலையும் குறிக்கும் சிலேடை. 2022-இல் காலமானார். அவர் அதை உலகத்துக்குத் தானமாகக் கொடுத்தபோது விதித்த முக்கியமான நிபந்தனை இது: இதை வைத்துப் பொருள் செய்து விற்கிறவன், வாங்கினவன் கேட்டால் மூல நிரலைக் கொடுக்கவேண்டும். இதே உரிமப் பத்திரம் செல்லும் என்று 2004-இல் ம்யூனிக் நகர நீதிமன்றம், வேறொரு மென்பொருளைப் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் அம்மணியின் கம்பெனியார் ஒரு சமயம், வெளிநாட்டுப் பலகைகளை வாங்கி விற்ற ஒரு தரகரிடம் மூல நிரலைக் கேட்டபோது, "அதெல்லாம் கம்பெனி ரகசியம்" என்று பதில் வந்ததாம். தானமாக வந்த சோற்றுக்குப் பூட்டுப் போட்டு, சாவிக்கு விலை கேட்கிறவனை என்னவென்று சொல்வது!

இதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. 2021-இல் உலகமெங்கும் சிப்புகளுக்குப் பஞ்சம் வந்தபோது, வேறொரு தரகர் நான்கு மடங்கு விலைக்கு மெமரி சிப்புகளைத் தள்ளினார். மேலே இருந்த எழுத்தைச் சுரண்டி வேறு எழுத்து அச்சடித்த சரக்கு. முதல் தம்பி எழுந்து ஒரு வரி சொல்வான், அண்ணன் வரமாட்டான். மெமரியை எழுப்பும் கால அளவைகளை அந்தந்தச் சிப்புக்குத் தக்கபடி எண்களாக எழுதவேண்டும். எது என்ன சிப்பு என்றே தெரியாதபோது எண் எங்கிருந்து வரும்? பதினைந்து நாள் இந்த அம்மணி ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பார்த்தார். நஷ்டம் முதலாளிக்கு, உறக்கம் இவருக்கு, லாபம் தரகருக்கு. ஆலைக்கும் பட்டறைக்கும் நடுவில் நிற்கும் ஏஜெண்டோ, இந்தப் பலகையைச் சீமைச் சரக்கு என்று சொல்லி விற்றுக் கமிஷன் வாங்குகிறார். பலகைக்கு விலையுண்டு, உள்ளே எழுதியதற்கு ஏது விலை என்று பேரமும் பேசுகிறார். கைத்தறிக்காரனுக்கும் ஜவுளிக்கடைக்கும் நடுவில் உட்கார்ந்தவன் செய்ததைத்தான் இவரும் செய்கிறார். தறி மாறியதே தவிரத் தராசு மாறவில்லை.

என் உஷ்ணத்தைப் பார்த்து நண்பர் டீ வரவழைத்தார்.

ஒன்று மட்டும் கேட்டேன். யூ-பூட்டின் மூல நிரலில், ஒவ்வொரு பலகைக்கும் உரிய கோப்பின் தலையில், எழுதியவர் பெயர் இருப்பது வழக்கம். அம்மணியே எனக்கு வேற்றுநாட்டார் பெயர்கள் சிலவற்றைக் காட்டியிருந்தார். இவர் எழுதிய கோப்பைத் திறக்கச் சொன்னேன். அங்கே கம்பெனியின் பெயர் இருந்தது. "அது அப்படித்தானுங்க" என்று சொல்லி மூடிவிட்டார். மேற்கொண்டு நான் பேசவில்லை.

கிளம்புமுன், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நிற்கும் பலகையைப் பார்க்க ஆசைப்பட்டேன். கேபிளின் மூன்று கம்பிகளையும் செருகினார். மின்சாரம் பாய்ந்தது, திரையில் வரிகள் ஓடின. நான் கையை நீட்டி இரண்டு மூன்று சாவிகளைத் தட்டினேன். பலகை என்னைச் சட்டை செய்யாமல் லினக்ஸை எழுப்பிவிட்டது. மறுபடி போட்டார். இந்தத் தடவை அவர் விரல்கள் ஐந்து எழுத்தைத் தட்டின. திரையில் ஓரெழுத்தும் தெரியவில்லை. பலகை மட்டும் சட்டென்று நின்றது.

"என்ன சொல்லு அம்மிணி அது?" என்றார் நண்பர்.

"இங்கிலீஷ்ல போட்டா எல்லாரும் கண்டுபிடிச்சுருவாங்கண்ணா" என்று தயங்கி, இந்தத் தொகுதி முடிந்ததும் மாற்றிவிடப் போவதாகவும் சொல்லி, மெல்லச் சிரித்தார். "'நில்லு'ன்னு வெச்சிருக்கேனுங்க."