கால் சுற்று

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நிலா, மழை இரண்டையும் சென்ற ஆண்டு மலரிலேயே சிவில் நண்பர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனவே விடுமுறையில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். மெக்கானிக்கல் அல்லாத நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஊர் போடிநாயக்கனூருக்குப் பக்கம். ஏலத் தோட்டங்கள் மலைக்கு மேலே, கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருக்கின்றன. விடியுமுன் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும், சாயங்காலம் இறங்கும். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படிப் போய் வருகிறவர்கள். என் அம்மாவும்தான்.

2024 மே மாதம் அடிவாரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்கு வைத்த பெயர் 'டிப்ளமா'. "டிப்ளமா, பதினேழு நம்பர் ஸ்பேனரை எடு", "டிப்ளமா, டீ வாங்கிட்டு வா". கேலியாகத்தான் ஆரம்பித்தது. போகப் போக அண்ணன் (ஒர்க்‌ஷாப் நடத்துகிற மெக்கானிக்கை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) கணக்கு என்று வந்தால் என்னைத்தான் கூப்பிட்டார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

ஒரு நாள் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று வந்தது. பின்பக்கத்தை வெட்டிப் பிக்கப் ஆக்கியிருந்தார்கள். தோட்டத்துப் பாதையில் பாறை தட்டாமல் இருக்க, ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டு, பெரிய டயரும் மாட்டி உயரம் தூக்கியிருந்தார்கள். பார்க்க யானைக்குட்டி மாதிரி நின்றது. டயர் பெரிதானால் பல்லுக்கு வரும் பாரமும் கூடும். பின் ஆக்சிலில் க்ரௌன் பல் மூன்று உதிர்ந்து, ஆயிலோடு தூளாக வந்தது. ஓனர் பழைய இரும்புக் கடையில் ஒரு முழு ஆக்சிலை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"டிப்ளமா, ரேஷியோ ஒண்ணா இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றார் அண்ணன்.

இது ஏன் முக்கியம் என்றால், ஃபோர் வீல் போடும்போது முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்கின்றன. இரண்டு ஆக்சிலிலும் பல் கணக்கு ஒன்றாக இல்லாவிட்டால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுக்கும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் க்ரௌனுக்கு 39 பல், பினியனுக்கு 8, அதாவது 4.88. 1953-ல் வந்த சி.ஜே.3பி-யில் 43-க்கு 8, அதாவது 5.38. அந்த சி.ஜே.3பி-யைத்தான் மஹிந்திரா இங்கே வெகுகாலம் தயாரித்தது. பழைய இரும்புக் கடையில் எதற்குள் எது இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

எண்ணும் முறை எனக்குத் தெரியும். ஒரு பக்க டிரம்மைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, மறு பக்க டிரம்மை ஒரு சுற்று சுற்ற வேண்டும். டிஃபரன்ஷியல் இருப்பதால் ஷாஃப்ட் பாதிதான் சுற்றும், அதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். சாக்பீஸால் கோடு போட்டுச் சுற்றினேன். வந்த ஆக்சிலில் இரண்டரைக்குக் கொஞ்சம் கம்மி. ஜீப்பின் முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிச் சுற்றினேன். இரண்டரைக்குக் கொஞ்சம் மேல். கால் சுற்று வித்தியாசம்.

பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். பழைய பல், ஆட்டம் இருக்கும், சக்கரத்தையும் கண்மட்டத்தில்தானே நிறுத்தினோம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீ வேறு வந்துவிட்டது.

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

பிறகு இரண்டு நாள் வேலை. யு போல்ட்டுகள் துருப்பிடித்து, மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்துத்தான் கழற்ற முடிந்தது. வண்டியைத் தூக்கியிருப்பதால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் செங்குத்தாக இறங்குகிறது. பினியன் பார்க்கும் திசை சரியாக இல்லாவிட்டால் கிராஸ் சீக்கிரம் போய்விடும், வண்டியும் அதிரும். மேலே கியர் பக்கத்துக் கோணமும் கீழே பினியன் கோணமும் ஒத்துப் போக வேண்டும். அண்ணன் கண்ணாலேயே பார்த்து ஆப்பு வைப்பார். நான் டிராயிங் பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு அளந்தேன். இரண்டு டிகிரி தப்பு! ஆப்பை மாற்றினோம். "படிச்சவன் படிச்சவன்தான்யா" என்று அண்ணன் ஓனரிடம் சொன்னார். அன்று ராத்திரி அதை அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன்.

தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஃபோர் வீல் போடவில்லை. வண்டி சத்தமில்லாமல் ஓடியது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டிரைவரிடமிருந்து போன். தோட்டத்துக்குப் போகும் மண் ஏற்றத்தில் ஃபோர் வீல் போட்டிருக்கிறார். ஈர மண்ணில் சக்கரம் வழுக்கியதால் தெரியவில்லை. அதற்கு மேல் ஒரு சிமெண்ட் துண்டு. அங்கே வழுக்க வழியில்லை. முன் சக்கரம் 10 சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் 11 சுற்றப் பார்க்கிறது. லிவர் இறுகிப் போய்க் கழற்ற வரவில்லை. ஸ்டியரிங் இழுத்திருக்கிறது. அப்புறம் 'டம்' என்று முன் ஷாஃப்டின் கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் தரையில் அடித்து, வண்டி ஓடை ஓரத்தில் நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. பெண்கள் இறங்கி ஏற்றம் முழுக்க நடந்து போயிருக்கிறார்கள். நேரமாகிவிட்டது என்று கங்காணி திருப்பி அனுப்பிவிட்டார். பதினோரு பேருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. பதினோரு பேரில் ஒருவர் என் அம்மா.

வண்டியைக் கட்டி இழுத்து வந்ததும் அண்ணன் ஒன்றும் பேசாமல் பின் கவரைத் திறந்தார். "எண்ணு" என்றார். 39. முன்னால் திறந்தோம். 43. ஓனர் கத்த ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன், "தப்பு என்னுதுங்க. கவரைத் திறந்து எண்ணாம மாட்டுனது நானு. கிராஸுக்கும் வேலைக்கும் காசு வேணாம்" என்றார். ஓனர் போன பிறகும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு ஏழு மணிக்குத்தான் போனேன். அம்மா காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எதில் தப்பு வந்தது என்று கேட்டார். இரண்டு தட்டைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிக் காட்டி, சாக்பீஸ் கோடு, இரண்டரை, கால் சுற்று எல்லாம் சொன்னேன். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கடைசிவரை கேட்டார்.

"கால் சுத்து வித்தியாசம் அப்பவே தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சும்மா."

"தெரிஞ்சுமா சொல்லல?"

அதற்கு மேல் கேட்கவில்லை. சோறு போட்டார்.

அண்ணன் வேறொரு ஹவுசிங் தேடிப் பிடித்து, அதிலிருந்து 43-க்கு 8 செட்டைக் கழற்றி இதில் போட்டார். ஷிம் வைத்து, பல்லில் சாயம் தடவிச் சுற்றி, தடம் நடுவில் விழுகிறதா என்று பார்த்து, மறுபடி கழற்றி, மறுபடி வைத்து நான்கு நாள் ஆயிற்று. இந்த முறை நான் டிரம்மை ஒரு சுற்றோடு நிறுத்தவில்லை. இருபது சுற்று சுற்றினேன். ஷாஃப்ட் 53-ம் முக்காலும் சுற்றியது. முந்தைய ஆக்சிலில் இப்படிச் சுற்றியிருந்தால் 48 முக்காலில் நின்றிருக்கும். ஐந்து முழுச் சுற்று வித்தியாசத்தை எந்த ஆட்டத்தின் மேலும் பழி போட முடியாது. எண்ணி முடித்த பிறகு கவரைத் திறந்து பல்லையும் எண்ணினேன். அண்ணனும் ஒரு தடவை எண்ணினார்.

ஒர்க்‌ஷாப் வாசலிலேயே ஒரு சிமெண்ட் தளம் இருக்கிறது. அதில் ஃபோர் வீல் போட்டு நேராகப் பத்தடி முன்னால், பத்தடி பின்னால் ஓட்டிப் பார்த்தோம். லிவர் ஒரு விரலில் கழன்றது. மறுநாள் விடியற்காலை தெருமுனையில் நின்று பார்த்தேன். அம்மா தூக்குவாளியை முதலில் உள்ளே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அத்தையின் கையைப் பிடித்து ஏறிக்கொண்டார். வண்டி உயரமாக இருப்பதால் அவர்களுக்கு ஏறுவது எப்போதும் சிரமம்தான். இந்த விடுமுறையில் அதற்கு ஒரு இரும்புப் படி வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அளவெடுத்துவிட்டேன், இரண்டு தடவை.