காட்டுப்பள்ளி மணல்

சென்னைக்கு வரும் விருந்தாளியை நாம் முதலில் அழைத்துப் போவது மெரினாவுக்குத்தான். எவ்வளவு விசாலமான மணற்பரப்பு என்று அவர் அதிசயிப்பார். அந்த மணலை நாமே கொட்டி வைத்தது போல் நாமும் பெருமை கொள்வோம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் அபூர்வம். தெரிந்துகொள்ள விரும்பும் நேயர்கள் ராயபுரத்தில் புறப்பட்டு வடக்கே காட்டுப்பள்ளி வரையில் ஒரு நாள் பிரயாணம் செய்து வரலாம்.

காசிமேட்டுக்கு அப்பால் பல இடங்களில் கடலோரத்தில் மணலைக் காணோம். கருங்கற்பாறைகள்தான் குவிந்து கிடக்கின்றன. திருவொற்றியூர்ப் பக்கத்திலும் அதே காட்சி. காரணம் பழையது. 1876-ல் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். சோழமண்டலக் கரையில் அலைகள் வருஷத்தின் பெரும் பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. வடகிழக்குப் பருவக் காற்றின்போது கொஞ்சம் திரும்பி வந்தாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். குறுக்கே சுவர் நின்றதும் தெற்கே மணல் தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே வரவு நின்றது. கடல் கரையைத் தின்றது. மெரினாவில் நாம் சுண்டல் தின்பது ராயபுரத்துக்குச் சேர வேண்டிய மணலின்மேல் உட்கார்ந்துதான்!

எண்ணூரில் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தையும் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகளையும் கடந்தால் காட்டுப்பள்ளி. கிழக்கே வங்காளக் குடாக்கடல். மேற்கே உப்பங்கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும். நடுவே நீண்ட மணல்திட்டு. வடக்கே பழவேற்காட்டு ஏரி. இந்திய தேசத்து உப்புநீர் ஏரிகளில் இரண்டாவது பெரியது. ஏரிக்கும் சமுத்திரத்துக்கும் இடையே காவல் நிற்பது இந்த மணல்தான்.

இங்கே 2013-ல் ஒரு துறைமுகம் வேலை தொடங்கியது. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் முன்பே இடம் பெயர்ந்தார்கள். 2018-ல் அதானி கம்பெனி அதை வாங்கிக்கொண்டு, பெரிய விஸ்தரிப்புத் திட்டம் ஒன்றை முன்வைத்தது. 330 ஏக்கர் துறைமுகம் சுமார் 6,110 ஏக்கராக வேண்டும். அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர், கடலையே தூர்த்து உண்டாக்குவது. செலவு சுமார் 53,000 கோடி ரூபாய்.

கப்பலோட்டிய சிதம்பரம் பிள்ளை பிறந்த நாட்டில் துறைமுகமே கூடாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வியாபாரம் பெருகும், வேலை கிடைக்கும் என்பது ஒரு கட்சி. பழவேற்காட்டு ஏரியும் அதை நம்பிய மீனவக் கிராமங்களும் என்னவாகும் என்பது மற்றொரு கட்சி. அரிப்பு நேர்ந்தால் கல் போடலாம், மணலைக் கொண்டுவந்து கொட்டலாம் என்பது இப்படிப்பட்ட இடங்களில் சொல்லப்படும் பரிகாரம். கல் போட்ட கரை எப்படியிருக்கும் என்பதை வழியிலேயே பார்த்துவிட்டோம். வரைபடத்தின் ஓரமெல்லாம் பச்சை வர்ணம் தீட்டி மரம் வளர்ப்போம் என்பதும் பெரிய திட்டங்களின் சம்பிரதாயம். வளர்க்கட்டும், மரத்தைக் கண்டு மணல் வழி மாறிப் போகாது.

1991-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கடற்கரை விதிகளில் ஒரு விநோதம் உண்டு. கரையோரம் ஓட்டல் கட்டுகிறவர் தமது தோட்டத்தின் அழகுக்காக மணல்மேட்டைச் சமன் செய்வதைக்கூட அவை தடுத்தன. ஒரு மணல்மேட்டுக்கு அவ்வளவு மரியாதை! ஆயிரக்கணக்கான ஏக்கர் விஷயத்திலோ, ஜனங்களின் அபிப்பிராயம் கேட்க 2021 ஜனவரி 22-ல் கூடவிருந்த கூட்டம் கொரோனாவைக் காரணம் காட்டி ஒத்திவைக்கப்பட்டது. மறுபடி 2023 செப்டம்பர் 5 என்று நாள் குறித்தார்கள். அதுவும் தள்ளிப் போயிற்று.

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடுவது என்பதைத் தங்களுக்குள் முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். தண்ணீரையே இப்படிப் பேசிப் பங்கிடத் தெரிந்தவர்களிடம் கரையைப் பற்றிக் கேட்க ஏன் இவ்வளவு தயக்கம்? அப்படிக் கேட்கும் கூட்டத்தில் துறைமுக வேலியோடு முடியும் வரைபடம் போதாது. பழவேற்காடு வரையில் நீட்டி வரைந்த படத்தை மேஜைமேல் விரிக்க வேண்டும். பக்கத்திலேயே ராயபுரத்துப் பாறைகளின் புகைப்படம் ஒன்றையும் வைக்கலாம்.