தகரத் துண்டு

கொல்கத்தாவிற்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையோரம் செல்லும் இருப்புப்பாதையில் ஹிந்த் மோட்டார் என்றொரு நிலையம் உண்டு. உத்தர்பாரா கார் தொழிற்சாலையின் பெயரால் அமைந்த நிலையம் அது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நிற்கும்வரை அம்பாசிடர் கார்கள் அங்கேதான் உருவாயின. அந்த ஆலையின் எஞ்சின் பிரிவில் 1973 முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், சென்ற குளிர்காலத்தில் தம் வீட்டு முற்றத்தில் 1974ஆம் ஆண்டின் மார்க் 2 அம்பாசிடர் ஒன்றின் எஞ்சினைப் பிரித்தார்.

ஆயிரக்கணக்கான எஞ்சின்களில் பிஸ்டன் இறக்கிய கைகள் அவருடையவை. ஆனால் ஓடித் தேய்ந்த எஞ்சினொன்றை அவை அதற்குமுன் தொட்டதில்லை. தொழிற்சாலை அவருக்குக் காட்டியது புதுமையை மட்டுமே: சரியான வட்டமாக இருக்கும் சிலிண்டர், கீறலற்ற பேரிங். ஆகவே உதவிக்கு டாக்சிப் பட்டறையில் வளர்ந்த ஒரு மிஸ்திரி வரவேண்டியிருந்தது.

இறுகிக் கிடந்த சிலிண்டர்களில் மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றி ஒரு வாரம் காத்திருந்து பிஸ்டன்களை வெளியே எடுத்தபோது, அவற்றின் தலையில் 040 என்ற எண் தெரிந்தது. மூல அளவைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், சிலிண்டர் ஏற்கெனவே அகலப்படுத்தப்பட்டிருந்தது. அதற்குப் பிறகும் மேற்பகுதி தேய்ந்து முட்டை வடிவம் கொண்டிருந்தது.

"இனிக் கடைவதற்கு இரும்பு இல்லை, தாதா. பழைய இரும்புக் கடையில் வேறு பிளாக் கிடைக்கும்" என்றார் மிஸ்திரி.

அவர் மறுத்துவிட்டார். 1974இல் தம் வரிசையைக் கடந்து சென்ற பிளாக் அது. அதில் பிஸ்டன் இறக்கியவர் அவராகவும் இருக்கலாம், அடுத்த ஷிஃப்ட்காரராகவும் இருக்கலாம். அப்பிஸ்டன்கள் எப்போதோ போய்விட்டன. எஞ்சியது பிளாக் மட்டுமே. செலவு கூடினாலும் நான்கு சிலிண்டர்களுக்கும் ஸ்லீவ் இறக்கி மூல அளவுக்குக் கொண்டுவருவதென முடிவாயிற்று.

மூன்றாம் கனெக்டிங் ராடைக் கழற்றியபோதுதான் அவருக்குச் சினம் வந்தது. பேரிங்கின் பின்னால், எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய மெல்லிய தகரத் துண்டொன்று செருகப்பட்டிருந்தது. தேய்ந்த கிராங்க் ஷாஃப்டைக் கடைய வசதியில்லாத எவரோ இடைவெளியை அப்படி அடைத்திருந்தார். "இது குற்றம்" என்றார் அவர். "குற்றம்தான் தாதா. ஆனால் வண்டி வாடகைக்கு ஓடிய காலத்தில் அந்தத் தகரம் ஒரு வீட்டுக்குச் சோறு போட்டிருக்கும்" என்றார் மிஸ்திரி.

தொழில்நுட்ப வரலாறு புத்தாக்கத்தையே பேசிப் பயன்பாட்டையும் பழுதுபார்ப்பையும் மறந்துவிடுகிறது என டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் எழுதினார். அந்த வாதத்திற்கு இத்தகரத் துண்டைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 1489 சிசி பிரிட்டிஷ் எஞ்சின் வங்காளத்தில் ஓடியதற்கு ஆலை பாதிக் காரணம். மறுபாதி எந்த ஆவணத்திலும் இல்லை.

மீண்டும் பூட்டும்போது முறை மாறியது. மிஸ்திரி கைக்கணக்கில் நட்டுகளை முறுக்க முற்பட்டார்; பெரியவர் தடுத்து, டார்க் ரெஞ்ச் கொண்டு நடுவிலிருந்து வெளிநோக்கி ஒவ்வொன்றாக முறுக்கினார். மிஸ்திரியோ ஒவ்வொரு மூடியைப் பூட்டியதும் கிராங்கை ஒற்றைக் கையால் சுழற்றிப் பார்த்தார். இரண்டாம் ராடில் அது பிடித்தது. ரெஞ்ச் காட்டிய அளவு சரியாகவே இருந்தது. கழற்றியபோது பேரிங்கின் அடியில் கண்ணுக்கெட்டாத ஒரு மணல் துகள். பெரியவர் ஒன்றும் பேசாமல் துணியை எடுத்துத் துடைத்தார்.

பங்குனி மாதத்து மாலையொன்றில் கைப்பிடியைச் சுழற்றியபோது, மூன்றாம் முயற்சியில் எஞ்சின் உயிர்பெற்றது. சிறிது நேரத்தில் பின்பக்கத்திலிருந்து எண்ணெய் சொட்டத் தொடங்கியது. மிஸ்திரி முகம் வாடினார். கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயைத் திருப்பி அனுப்பும் மரைவெட்டு மட்டுமே உண்டு, அது சற்றுச் சொட்டத்தான் செய்யும் என்று பெரியவர் சிரித்தபடி விளக்கினார். பிறகு அடியில் ஒரு பழைய தட்டை வைத்தார். தகரத் துண்டு அவர் வீட்டுச் சன்னல் விளிம்பில் இன்னும் இருக்கிறது.