திரும்பி வருகிறவர்களின் மேசை

இத்தாலியில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ரோமைப் பொறுத்தவரை அது உண்மையல்ல. ட்ரேவி நீரூற்றைச் சுற்றியும், பாந்தியனுக்கு எதிரிலும், நவோனா சதுக்கத்தின் ஓரங்களிலும் உள்ள கடைகள் பலவற்றில் வெந்து குழைந்த பாஸ்தாவும், காலையிலேயே செய்து வைத்துச் சூடு காட்டிய லசான்யாவும்தான் கிடைக்கும். அதே நகரத்தில் இருபது நிமிடம் தள்ளி, அதைவிடக் குறைந்த விலையில், வாழ்நாள் முழுக்க நினைவில் நிற்கும் ஒரு வேளைச் சாப்பாடும் கிடைக்கும்.

காரணம் எளிது. ட்ரேவிக்கு வருகிறவர் நாணயத்தைப் போட்டுவிட்டு, பசித்தால் பக்கத்தில் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் ஃப்ளாரன்ஸுக்கோ வெனிஸுக்கோ ரயில் ஏறிவிடுவார். சாப்பாடு பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் அவர் மறுபடி அந்தக் கடைக்கு வரப்போவதில்லை. நாளைக்கு அதே இடத்தில் வேறொருவர் பசியோடு நிற்பார். நன்றாகச் சமைக்க வேண்டிய கட்டாயமே அந்தக் கடைக்கு இல்லை. தெருக்கோடியில் இருக்கும் ட்ராட்டோரியா, அதாவது எளிய சிறு உணவகம், அப்படிப் பிழைக்க முடியாது. போன வாரம் வந்தவர் இந்த வாரமும் வர வேண்டும். அப்பாவோடு வந்த பையன் நாளை தன் பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டும். அதனால் நல்ல கடையைத் தேடும்போது நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இங்கே சாப்பிடுகிறவர்கள் திரும்பி வருகிறவர்களா?

வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிற ஆள், ஆறு மொழிகளில் மெனு, ஒவ்வொரு பண்டத்துக்கும் மங்கிய வண்ணப்படம், காலை பதினொன்று முதல் நள்ளிரவு வரை ஓயாத அடுப்பு. இவற்றில் இரண்டு இருந்தாலே நடையைக் கட்டலாம். ரோமானியர்கள் மதியம் பன்னிரண்டரை, ஒரு மணிக்கு மேல் சாப்பிடுவார்கள். இரவில் எட்டு மணிக்கு முன்னால் அவர்களை மேசையில் பார்ப்பது அரிது. நடுவில் சமையலறை மூடியிருக்கும். மாலை ஐந்து மணிக்கு முழுச் சாப்பாடு பரிமாறுகிற இடம் யாருக்காகத் திறந்திருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கும்.

கைபேசியில் தெரியும் நட்சத்திரங்களை நான் அதிகம் நம்புவதில்லை. அவற்றைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல ஒரே ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள். இத்தாலிய மொழியில் எழுதப்பட்ட கருத்துகளை மட்டும் தேடிப் பிடித்து மொழிபெயர்த்துப் படித்தால் ஓரளவு பயன் உண்டு. அதைவிட நம்பகமான வழி 'ஓஸ்டேரியே டி இத்தாலியா' என்ற வழிகாட்டி நூல். 1986-இல் ரோமின் ஸ்பானியப் படிக்கட்டுச் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது எழுந்த எதிர்ப்பில்தான் ஸ்லோ ஃபுட் இயக்கம் சூடு பிடித்தது. கார்லோ பெட்ரீனி தலைமையில் வளர்ந்த அந்த இயக்கம் 1990 முதல் இந்த நூலை வெளியிட்டு வருகிறது. உள்ளூர்ச் சமையலை நியாய விலையில் தரும் கடைகளை ஊர் ஊராகத் தேடிப் பட்டியலிடுகிறார்கள்; மனத்துக்கு மிக நெருக்கமான கடைகளுக்கு ஒரு நத்தைச் சின்னம் கொடுக்கிறார்கள். இத்தாலிய மொழி தெரியாவிட்டாலும் பெயர், முகவரி, விடுமுறை நாள், நத்தை ஆகியவற்றைப் படிக்க முடியும். அது போதும்.

ஆனால் கடையைத் தேடுவதற்கு முன்னால், அந்த ஊர் என்ன சாப்பிடுகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். ரோமுக்கு நான்கு பாஸ்தாக்கள். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியான பெக்கோரீனோ ரொமானோவும் மிளகும் மட்டும் சேர்ந்தால் காச்சோ எ பெப்பே. அதோடு குவாஞ்சாலே என்னும் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்னக்கறி சேர்ந்தால் கிரீச்சா. கிரீச்சாவில் தக்காளி சேர்ந்தால் அமாத்ரிச்சானா, தக்காளிக்குப் பதில் முட்டை சேர்ந்தால் கார்போனாரா. நான்கும் ஒரே குடும்பம். பாலேடு எதிலும் கிடையாது. கார்போனாராவின் பளபளப்பு முட்டைக் கருவும் பாலாடைக்கட்டியும் பாஸ்தாவின் சூட்டில் இளகுவதால் வருவது. மெனுவில் இந்த நான்கும் இருந்து, பாஸ்தா வகைகள் மொத்தமே ஏழெட்டுக்குள் அடங்கினால் உட்காரலாம். கார்போனாராவில் பாலேடு ஊற்றுவதாக எழுதியிருந்தால் எழுந்துவிடலாம்.

காச்சோ எ பெப்பேயின் மிளகு நமக்குப் பழக்கமான சரக்கு. ரோமானிய மன்றத்தின் ஓரத்தில், பின்னாளில் மாக்ஸென்ஷியஸ் மண்டபம் எழுந்த இடத்துக்கு அடியில், பேரரசர் டொமிஷியன் காலத்தில் மிளகுக்கும் வாசனைப் பொருள்களுக்கும் என்றே கட்டிய கிடங்குகள் இருந்தன. ஒரு ராத்தல் கருமிளகு நான்கு டினாரியஸ் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி விலை குறித்து வைத்திருக்கிறார். முசிறியில் யவனர் கலங்கள் மிளகு ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றில் உண்டு. இன்றைய பாஸ்தாத் தட்டுக்கும் அந்தக் கிடங்குக்கும் நேர்க்கோடு இழுக்க முடியாது. இந்தப் பாஸ்தா இடையர்களின் எளிய உணவாக வளர்ந்தது என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வந்து, புதிதாக இடித்த மிளகின் மணம் மூக்கில் ஏற அதைச் சாப்பிடும்போது ஒரு தமிழனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

சுத்த சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெக்கோரீனோ ரொமானோவில் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளையே பயன்படுத்துகிறார்கள், பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றுக்குட்டியினுடையது. இறைச்சி இல்லாத தட்டு என்பதாலேயே அது நம் வீட்டுக் கணக்கில் சைவமாகிவிடாது. புந்தரெல்லே என்ற அருமையான குளிர்காலக் கீரைத்தண்டு சாலட்டில் நெத்திலி அரைத்துச் சேர்ப்பார்கள். வறுத்த பூசணிப்பூவுக்குள்ளும் நெத்திலி இருக்கும். 'சென்சா கார்னே, சென்சா பெஷே' என்று, அதாவது இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று, இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கிய சிக்கோரியாக் கீரை, தக்காளியும் பூண்டும் மட்டும் தடவிய மாரினாரா பீட்ஸா ஆகியவை கைவிடாது. கடையில் வாங்கும் உலர்ந்த ஸ்பகெட்டியில் வழக்கமாக முட்டை இராது. கையால் தேய்த்த புதுப் பாஸ்தாவில் பெரும்பாலும் இருக்கும்.

யூதர் குடியிருப்புப் பகுதிக்குச் சைவர்கள் அவசியம் போக வேண்டும். 1555-இல் போப் நான்காம் பவுல் ரோமின் யூதர்களை டைபர் நதியோரம் ஒரு சிறு சதுரத்துக்குள் மதில் கட்டி அடைத்தார். 1870 வரை அந்தக் கட்டுப்பாடு ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. மலிவாகக் கிடைத்த காய்கறியையும் எண்ணெயையும் வைத்து அந்த நெருக்கடியில் உருவான சமையலின் சிகரம் 'கார்ச்சோஃபி அல்லா ஜூடியா'. முழு ஆர்ட்டிச்சோக்கை இதழிதழாக விரித்து, எண்ணெயில் இரண்டு முறை பொரித்து, உப்புத் தூவித் தருவார்கள். வெளி இதழ்கள் அப்பளம்போல் நொறுங்கும். நடுத்தண்டு வெண்ணெயாய்க் கரையும். ரோம் வட்டாரத்து ஆர்ட்டிச்சோக்குக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் நல்ல பருவம். ஆகஸ்டில் தட்டுக்கு வந்தால் அது வேறெங்கிருந்தோ வந்தது.

பருவம் ஒரு நல்ல உரைகல். மே மாத இறுதியில் ரோமின் டெஸ்டாச்சோ பகுதியில் ஒரு சிறிய ட்ராட்டோரியாவில் நான் புந்தரெல்லே கேட்டேன். கடைக்கார அம்மா தலையை ஆட்டி, "முடிந்துவிட்டது, இனி குளிர் காலத்தில்தான்" என்றார். இன்றைக்கு முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை, இந்த ஆண்டுக்கு முடிந்துவிட்டது என்றார். அந்த ஒரு பதிலிலேயே அந்தச் சமையலறை மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. இல்லை என்று சொல்லத் தெரிந்த கடை நல்ல கடை. மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், உறைய வைத்த பொருள் என்று கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் விளக்கம் இருக்கும். நான்கைந்து குறிகள் கண்ணில் பட்டால் வேறு கடை பார்ப்பது நல்லது.

கிழமைக்கும் ஒரு கணக்கு உண்டு. வியாழக்கிழமை ஞோக்கி என்னும் உருளைக்கிழங்கு உருண்டைகள், வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கு என்பதால் மீனும் கொண்டைக்கடலையும், சனிக்கிழமை குடல். பழைய ரோமின் இந்த வார வரிசையை இன்றும் சில கடைகள் விடாமல் காக்கின்றன. வாசலில் கையால் எழுதி வைத்த பலகையில் அன்றைய கிழமை தெரிந்தால் உள்ளே போகலாம்.

எனக்கு ரோமில் மிகவும் பிடித்த சாப்பாட்டுப் பேட்டை டெஸ்டாச்சோதான். மெட்ரோவில் பிராமிடே நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். 1890-களின் தொடக்கம் முதல் 1975 வரை நகரத்தின் பெரிய கசாப்புக் கூடம் இங்கே இயங்கியது. நல்ல கறி பணக்காரர் வீடுகளுக்குப் போகும். தொழிலாளிகளுக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் குடலும் ஈரலும் வாலும் கிடைக்கும். அவற்றை அவர்கள் பக்கத்துச் சாராயக் கடைகளில் கொடுத்துச் சமைக்கச் சொன்னார்கள். தக்காளியிலும் செலரித் தண்டிலும் மணிக்கணக்காக வெந்த மாட்டுவால், புதினாவும் பெக்கோரீனோவும் தூவிய குடல் என்று ரோமின் மிகச் சிறந்த இறைச்சி உணவுகள் இந்த உழைப்பாளிகளின் பங்கிலிருந்து பிறந்தவை. தலைக்கறியும் குடல்குழம்பும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இவை அந்நியமாகத் தெரியாது. தயங்காமல் கேளுங்கள். கசாப்புக் கூடம் இன்று கலைக்கூடமாகவும் கட்டடக்கலைக் கல்லூரியாகவும் மாறிவிட்டது. எதிரே ஒரு சந்தை இருக்கிறது, மதியத்துக்கு அங்கேயே மலிவாக முடித்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஏறத்தாழ 35 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று. அது முழுக்க உடைந்த எண்ணெய்ச் சாடிகள்; பேரரசுக் காலத்தில் ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த எண்ணெயைக் கொட்டிக்கொண்டு தூக்கி எறிந்தவை. அடிவாரத்தைக் குடைந்து கட்டிய சில உணவகங்களில் பின்சுவரின் கண்ணாடி வழியே அந்த ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரியும்.

பில்லைப் பற்றிச் சுருக்கமாக. ஆளுக்கு இவ்வளவு என்று மேசைக்கே வாங்கும் 'கோபெர்த்தோ' கட்டணத்தை ரோம் அடங்கிய லாட்சியோ பிராந்தியம் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை செய்தது. ரொட்டிக்கு 'பானே' என்று ஒன்றிரண்டு யூரோ போடுவார்கள், அது சரி. மீன் விலை பெரும்பாலும் நூறு கிராமுக்கு எழுதியிருக்கும். முழு மீன் கேட்பதற்கு முன் எடையைக் கேளுங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை.

சென்னையிலிருந்து கிளம்பும் ஐரோப்பியக் குழுச் சுற்றுலாக்களில் தினமும் இந்தியச் சாப்பாடு என்பதைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறார்கள். வயதானவர்களுக்கும் பத்தியம் இருப்பவர்களுக்கும் அது ஆறுதல்தான். மற்றவர்களிடம் என் வேண்டுகோள் இது: புறப்படும் முன்பே நிறுவனத்திடம் பேசி ரோமில் ஓர் இரவையாவது உங்களுக்கென்று விடுவித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் நல்ல கடைகள் பல மூடியிருக்கும், ஆகஸ்ட் நடுவில் குடும்பக் கடைகள் மொத்தமாக விடுமுறையில் போய்விடும். செவ்வாய்க்கும் சனிக்கும் இடையில் ஒரு நாள் பாருங்கள், தங்கும் விடுதியிலிருந்து முன்கூட்டியே போன் செய்யச் சொல்லி இரவு எட்டரைக்கு மேசை பதிந்துவிடுங்கள்.