கலவைச் சாலையும் கல்லூரிப் பெண்களின் கால்பந்தும்

ஆர்க்காட்டிலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் கலவை வரும். நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் விளையும் பூமி. 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது இவ்வூர் இராணிப்பேட்டை மாவட்டத்தோடு சேர்ந்தது. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் 1907இல் தம் பதின்மூன்றாம் வயதிலே துறவு பூண்டு பட்டமேற்ற இடம் என்று கலவையைப் பலரும் அறிவர். நாம் இங்கே சொல்லப்போவது வேறொரு செய்தி. இவ்வூர்ச் சாலையிலே காலையில் புத்தகப் பையோடு பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்பிள்ளைகளைப் பற்றியது அது.

ஒரு தலைமுறைக்கு முன் கல்லூரிப் படிப்பு என்றால் வேலூருக்கே போகவேண்டும். அங்கே காந்தி நகரில் சலேசிய சகோதரிகள் 1954இல் தொடங்கிய ஆக்சீலியம் கல்லூரி இம்மாவட்டப் பெண்களுக்குக் கதவு திறந்தது. இன்றோ கலவையிலேயே கலைக் கல்லூரி உண்டு. வேளாண்மைக் கல்லூரியும் உண்டு. படிப்பு வாசலுக்கே வந்துவிட்டது. ஆனால், பந்தைத் தொடர்ந்து ஓட விரும்பும் பெண்ணுக்கு மட்டும் வழி இன்னும் நெடியதாகவே இருக்கிறது.

அந்த வழியைச் சற்று விளக்குவோம். ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகள் முதலில் தமக்குள் மோதுகின்றன. அவற்றிலே திறமை காட்டியவர்களைத் தெரிந்தெடுத்துப் பல்கலைக்கழக அணி அமைக்கின்றனர். அவ்வணி தென்மண்டலப் போட்டிக்குச் செல்கிறது. அங்கே முதல் நான்கு இடங்களைப் பெறுவோர் அகில இந்தியப் போட்டிக்குத் தகுதி அடைகின்றனர். தொடக்கச் சுற்றுகளில் ஒருமுறை தோற்றால் அவ்வளவே. அந்த ஆண்டு முடிந்தது. தொண்ணூறு நிமிடங்களுக்குள் ஓர் ஆண்டின் உழைப்பு தீர்மானிக்கப்படுகிறது.

கலவையிலிருந்து ஆர்க்காடு வந்து, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, இராணிப்பேட்டை வழியே வேலூர் நோக்கிச் செல்வோர் அறிவர்: இது தோல் தொழிலின் நாடு. அத்தொழிலின் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்ட கதை உச்சநீதிமன்றம் வரை சென்று, 1996இல் தீர்ப்பு வந்தது. இன்னும் மேற்கே ஆம்பூர் வரை செருப்பு, பூட்ஸ் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வாகனங்களை நாள்தோறும் காணலாம். அயல்நாட்டார் கால்களுக்கான காலணிகளைத் தைக்கும் தாய்மார் பலர் இங்கே உண்டு. தன் மகள் பந்தாடப் பூட்ஸ் கேட்டால் அத்தகைய தாய் என்ன சொல்வாள்? விலையைப் பற்றி அவள் கவலைப்படுவாள். அதைவிட, “ஊர் என்ன சொல்லும்?” என்பதே அவளுக்குப் பெருங்கவலையாயிருக்கும்.

இக்கவலை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1920ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெண்கள் ஆடிய ஒரு கால்பந்தாட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், இவ்விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறித் தன் ஆடுகளங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அக்கதவு திறக்கவில்லை. ஆட வல்லவர்கள் இருந்தார்கள். பார்க்க விரும்பியவர்களும் இருந்தார்கள். அனுமதி ஒன்றே இல்லை.

நம் அருகிலேயே இதற்கு மறுபக்கமும் உண்டு. 2002இல் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் தொடக்கத்திலே வேலூர்ப் பகுதிக் கல்லூரிகளோடு கடலூர்ப் பகுதிக் கல்லூரிகளும் சேர்ந்திருந்தன. 2004ஆம் ஆண்டுச் சுனாமியால் அலைக்கழிந்த அந்தக் கடலூரிலிருந்து கால்பந்து வீராங்கனையர் பலர் எழுந்தனர். அவ்வூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடினார். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார். 2018இல் தமிழ்நாட்டு மகளிர் அணி, பெண்கள் கால்பந்தில் நெடுங்காலம் கோலோச்சிய மணிப்பூரை இறுதியாட்டத்தில் 2-1 என வென்று தேசிய வாகையர் ஆயிற்று. 2019இல் மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. 2023இல் அரியானாவை வீழ்த்தித் தமிழ்நாடு மீண்டும் தேசியப் பட்டம் சூடியது. இவ்வெற்றிகளுக்குப் பின்னே, தயக்கத்தோடேனும் தம் மகளை ஆடுகளத்துக்கு அனுப்பிவைத்த குடும்பங்கள் நின்றன என்பதை மறக்கலாகாது.

கல்லூரி ஆட்டத்தில் தோற்ற ஆண்பிள்ளை அடுத்த வாரம் ஊர்க் குழுவிலே ஆடுவான். முப்பது வயதிலும் ஆடுவான். மூன்றாம் ஆண்டு மாணவிக்கு அவ்வாய்ப்பு அரிது. படிப்பு முடிந்ததும் வேலை, அல்லது திருமணம். ஆகவே அவளுடைய அணி தோற்கும் நாளே பெரும்பாலும் அவள் பந்தைத் தொடும் கடைசி நாளாகிவிடுகிறது. மண்டலப் போட்டிகளில் ஆட்டம் முடிந்த பின்னும் பெண்கள் ஆடுகளத்தை விட்டு எளிதில் அகலாமல் நிற்பது ஏன் என்று கேட்போர் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

வெளியூருக்கு எப்படி அனுப்புவது என்று தயங்கும் பெற்றோரை நாம் குறை கூறோம். அச்சம் அன்பிலிருந்தே பிறக்கிறது. பெண்கள் அணியோடு பெண் பொறுப்பாளர் ஒருவர் செல்வது வழக்கம். அவர் யார், தங்குமிடம் எது, திரும்பும் நாள் எது என்று கல்லூரியில் கேட்டறிவது பெற்றோரின் உரிமை. கேளுங்கள். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் மகள் ஆடும் ஆட்டம் ஒன்றை, ஒரே ஒன்றை, நேரில் சென்று பாருங்கள். அடுப்படியில் கேட்டறியாத அவளது குரல், “பந்தை இப்பக்கம் அனுப்பு!” என்று களத்தின் நடுவிலிருந்து எழுவதைக் கேட்பீர்கள். அதைக் கேட்ட பிறகு வேண்டுமென்றோ வேண்டாமென்றோ தீர்ப்புச் சொல்லுங்கள்.