மாதோட்டத்திலிருந்து வேளாங்கண்ணிக் கரைக்கு

திருக்கேதீஸ்வரத்துக்கு வருகிறவர்கள் பாலாவியில் கால் நனைத்து, கேதீச்சரநாதரையும் கௌரி அம்பாளையும் வணங்கி, மர நிழலில் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். 2022 யூலை 6 இல் குடமுழுக்குக் கண்ட புதிய கருங்கல் கோயிலை அண்ணாந்து பார்ப்பார்கள். தாங்கள் நிற்கும் மண் ஒரு காலத்தில் பெரிய துறைமுகம் என்பது பலருக்குத் தெரியாது. மாந்தை, மாதோட்டம் என்று அழைக்கப்பட்ட இந்தத் துறைக்கு அரபு நாடுகளிலிருந்தும் சீனத்திலிருந்தும் பண்டங்கள் வந்து இறங்கின. 1980களின் தொடக்கத்தில் நடந்த அகழ்வில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. சம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்தைப் பாடியவர்கள். கடல் தாண்டாமல் இராமேஸ்வரத்தில் நின்றபடியே பாடினார்கள் என்பது மரபு. எங்கள் பெண்களோ கைக்குழந்தையோடு இரவில் தாண்டினார்கள்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் சுமார் 30 கிலோமீற்றர்தான். 1914 இல் அங்கே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980களில் யுத்தத்தோடு அதுவும் நின்றது. பிறகு எங்கள் சனத்துக்கு அந்தக் கடல் ஓட்டப் பாதை. 1990 இல் எனக்கு இரண்டு வயது. அம்மா என்னை மடியில் கட்டிக்கொண்டு வள்ளம் ஏறினார். ஓட்டி விடியுமுன் மணல் திட்டொன்றில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். மண்டபம் முகாமிலும் வேறு முகாம்களிலும் பதினான்கு வருடம் இருந்துவிட்டு, 2004 இல் விமானத்தில் திரும்பினோம். அதன் பிறகு அம்மா கடலைத் தாண்டவில்லை. 2022 பங்குனியில், பொருளாதார நெருக்கடியின்போது மன்னாரிலிருந்து மறுபடியும் குடும்பங்கள் வள்ளத்தில் போனதைச் செய்தியில் பார்த்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார்.

ஆகவே 2024 ஆவணியில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் ‘சிவகங்கை’ என்ற கப்பல் ஓடத் தொடங்கியபோது நான் அம்மாவிடம்தான் முதலில் கதைத்தேன். அடம்பன் பக்கத்து அக்கா ஒருவரும், பேசாலைப் பக்கத்து அக்கா ஒருவரும் சேர்ந்துகொண்டார்கள். இருவரும் எங்கள் மகளிர் குழுவில் இருப்பவர்கள். பேசாலை அக்கா குவைத்தில் ஆறு வருடம் வீட்டுவேலை செய்தவர். வெளிநாடு என்றால் அவருக்கு ஒரு குசினியும் அதன் யன்னலும்தான். 2014 இல் வந்தவர் அதன் பிறகு எங்கும் போகவில்லை, கடவுச்சீட்டும் காலாவதியாகிவிட்டது. அடம்பன் அக்காவின் கணவர் 2009 இல் காணாமற்போனவர். அவர் இந்த நாட்டைவிட்டு வெளியே போனதே இல்லை.

நால்வரும் சீட்டுப் பிடித்தோம், மாதம் ஐயாயிரம் ரூபா. சில மாதங்கள் சென்றன. காசைவிடக் கரைச்சல் தந்தது காரணம்தான். “எதுக்குப் போறியள்?” என்று ஊர் கேட்டது. நேர்த்திக்கடன் என்றால் தலையாட்டுவார்கள். வைத்தியம் என்றால் இரக்கப்படுவார்கள். மகளுக்குக் கூறைச்சேலை எடுக்க என்றாலும் பரவாயில்லை. கடற்கரையில் நாலு நாள் இருந்துவிட்டு வர என்றால்? கணவனில்லாத பெண் அப்படிச் சொல்லலாமா? இந்தக் கேள்வியைப் பதினொரு வருட வேலையில் பல வடிவில் கேட்டுவிட்டேன். எங்கள் நிறுவனங்கள் ஆடு கொடுத்தோம், கோழி கொடுத்தோம், தையல் மெசின் கொடுத்தோம். அவள் எப்போது களைப்பாறுகிறாள் என்று கேட்கும் படிவத்தை நான் கண்டதில்லை. 1948 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24 ஆம் உறுப்புரை, ஓய்வும் பொழுதுபோக்கும் எல்லோருக்கும் உரிய உரிமை என்கிறது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும்போது பரீட்சைக்காகப் பாடமாக்கியது. அடம்பன் அக்காவுக்கு அதைச் சொன்னபோது, “அப்படியும் எழுதி வைச்சிருக்கினமே!” என்று சிரித்தார்.

போக விரும்பும் சகோதரிகளுக்காக ஆவண விடயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். இந்திய முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு அங்கத்தைய பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. இலங்கைப் பிரசாவுரிமைப் பதிவும் வேண்டும். அதை முதலில் முடியுங்கள், நாள் எடுக்கும். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கடவுச்சீட்டுக்குத் தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். தகப்பன் காணாமற்போயிருந்தால், 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ‘காணவில்லை’ என்பதற்குக் கொடுக்கப்படும் சான்றிதழ் இருந்தால் அதையும் கொண்டுபோய்க் கதையுங்கள். இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்கும்படி யாரும் உங்களை அவசரப்படுத்த விடாதீர்கள். நாங்கள் வவுனியாவில் கடவுச்சீட்டு எடுத்தோம். 2025 செப்ரெம்பர் முதல் யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு. இந்தியாவுக்கு விசா கட்டாயம். கப்பலில் போக எந்த விசா செல்லும் என்பதை டிக்கெற் வாங்க முன்னரே கேட்டுவிடுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் சேவை நிற்பதுண்டு. 2023 ஐப்பசியில் முதன்முதலாக ஓடத் தொடங்கிய கப்பல் சில நாட்களிலேயே அப்படித்தான் நின்றது.

2025 சித்திரையில் விடியற்காலை புறப்பட்டோம். அம்மா பாலாவியில் முகம் கழுவித் திருநீறு பூசினார். பேசாலை அக்கா வாகனத்திலேயே செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டார். கோயில் வீதியால் வெளியேறும்போது, 2013 மார்கழியில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்த இடம் வருகிறது. எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் அங்கே எடுக்கப்பட்டன. அடம்பன் அக்கா அந்த இடம் வரும்போது எப்போதும் யன்னலால் பார்ப்பார். அன்றும் பார்த்தார். நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை. விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் கடந்து, பூநகரியில் இடியப்பம் சாப்பிட்ட பிறகுதான் கதை தொடங்கியது.

கப்பல் பெரிதல்ல, சுமார் 150 பேர் இருக்கலாம். பிற்பகலில் புறப்பட்டு நாலு மணித்தியாலமளவில் போய்ச் சேரும். உள்ளே குளிர்சாதனம், பஸ்ஸில் இருப்பதுபோல் வரிசையாகக் கதிரைகள். அம்மா கதிரையின் கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்தார். “மேல தண்ணி தெறிக்காதே?” என்று இரண்டு தரம் கேட்டார். நடுக்கடலில் ஆட்டம் கூடியபோது பலருக்குச் சத்தி வந்தது. இஞ்சித்துண்டும் பொலித்தீன் பையும் கையோடு வைத்திருங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறாதீர்கள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கடலைப் பார்க்கவே இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்த பிள்ளையின் தலைப்பின்னலைத்தான் முழுநேரமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகப்பட்டினத்தில் குடிவரவு அதிகாரி, வயதுக்கு மூத்த தமிழர், அடம்பன் அக்காவிடம் “எதுக்கும்மா வந்திருக்கீங்க?” என்று கேட்டார். கோயில் என்று சொல்லும்படி வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தோம். அக்கா, “சும்மா. கடற்கரையில இருக்க” என்றார். அவர் முத்திரையைக் குத்தி, “இருந்துட்டுப் போங்க” என்றார்.

வேளாங்கண்ணி அங்கிருந்து 12 கிலோமீற்றர் தெற்கே. மடுவுக்குப் போய்வரும் எவருக்கும் அந்த நெரிசல் புதிதல்ல. பேசாலை அக்கா முதல் நாளே மாதாவிடம் போய் மெழுகுதிரி கொளுத்தினார். அதன் பிறகு கடற்கரைதான். சுத்தமான கரை என்று சொல்லமாட்டேன். குப்பை உண்டு, குதிரைச் சவாரிக்காரரின் கூச்சல் உண்டு, பொரித்த மீன் கடைகளின் புகை உண்டு. அழகுக்குப் போவதென்றால் எங்கள் மன்னார்க் கரையே மேல். ஆனால் எங்கள் கரையில் ஒரு பெண் இருந்தால் வலையில் நண்டு கழற்றவேண்டும், கருவாடு காயவைக்கவேண்டும். சும்மா இருந்தால், “என்ன யோசினை? ஆரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய்?” என்று கேட்பார்கள். இங்கே எங்களை ஒருவருக்கும் தெரியாது.

மாந்தைப் பக்கத்தவர்களாகிய எங்களுக்குக் கடலில் சூரியன் மறைவதுதான் பழக்கம். அங்கே கடலுக்குள்ளிருந்து எழும்புகிறது. இரண்டாம் நாள் ஐந்து மணிக்கே அடம்பன் அக்கா எங்களை எழுப்பிவிட்டார். துவாயை விரித்து நால்வரும் இருந்தோம். பத்து மணிவரை ஒருவரும் ஒரு வேலையும் செய்யவில்லை. பேசாலை அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்துக் குடும்பத்தின் பிள்ளைக்குப் பேன் பார்க்கத் தொடங்கிவிட்டார்! அம்மா மூன்றாம் நாள்தான் தண்ணீரில் கால் வைத்தார். என் கையைப் பிடித்திருந்தார். அலை வந்து முழங்கால்வரை நனைத்தபோது பிடியை இறுக்கினார். அடுத்த அலைக்குக் கையை விட்டுவிட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தார்.

அங்கே மீன் பொரித்து விற்கும் ஒரு அம்மாவோடு சிநேகிதமானோம். 2004 மார்கழி 26 இல் சுனாமி வந்தபோது, நத்தாருக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலர் இந்தக் கரையில்தான் அள்ளுண்டு போனார்கள். அந்த அம்மா தன் தங்கையை இழந்தவர். “அப்புறம் ரெண்டு வருஷம் கடல் பக்கம் திரும்பலை. பிறகு அடுப்பைக் கொண்டாந்து அதே எடத்துல வெச்சேன்” என்றார். அடம்பன் அக்கா அவரோடு நீண்ட நேரம் இருந்தார். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. தொழில் பழக்கத்தில் கேள்வி வாய்வரை வந்தது. ஆனால் நானும் ஓய்வுக்குத்தானே வந்தேன்.

திரும்பும்போது சாமான் என்று பெரிதாக இல்லை. நாலு சேலை, மாதாவின் எண்ணெய், பிள்ளைகளுக்கு மிக்சர். ஊரில், “என்ன கொண்டு வந்தனீங்கள்?” என்றுதான் கேட்டார்கள். பேசாலை அக்கா எல்லோருக்கும் தன் கால் கறுத்துப்போனதைக் காட்டினார். வைகாசியில் புதுச் சீட்டு ஆரம்பித்தோம். இம்முறை எட்டுப் பேர். திருகோணமலை நிலாவெளி போதும் என்கிறார்கள் சிலர், கடவுச்சீட்டுச் செலவு இல்லையே என்று. அடம்பன் அக்கா தரங்கம்பாடி என்கிறார். அம்மா மட்டும், தலைமன்னார்ப் பாதை திறக்கட்டும், அந்த மணல் திட்டை ஒருக்கால் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்கிறார்.