சத்தத்துக்குக் காது பழகக் கூடாது

தம்பி, பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டப் போகிறாய். பெரியவனாக ஒன்று சொல்கிறேன். கார் சக்கரம் சொல்லாமல் கொள்ளாமல் கெடுவது அபூர்வம்.

பேரிங் போகும்போது முதலில் லேசான முனகல்தான். வேகம் கூடக் கூட 'ஊ...' என்று கூடவே வரும். திண்டுக்கல் நான்கு வழிச்சாலையில் போகையில் கவனி. ரோட்டின் பரப்பு மாறும் இடத்தில் சத்தமும் மாறினால் டயராக இருக்கலாம். எந்த ரோட்டிலும் அதே சத்தம் என்றால் பேரிங்கைப் பார். வண்டி வலப்பக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் இடதுபக்கம். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது 'டக் டக்' என்றால் அது ஆக்ஸில் ஜாயின்ட், வேறு வியாதி.

சமதரையில் நிறுத்து. மற்ற சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து ஜாக்கி போடு. டயரின் தலையிலும் அடியிலும் கைவைத்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடம் வலமாகப் பிடித்தால் மட்டும் ஆடுகிறதா? டை ராட் எண்டைப் பார். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, காயில் ஸ்பிரிங்கில் விரல் வை. நல்ல பேரிங் சுற்றுவதே தெரியாது. கெட்டது பொரபொரவென்று விரலில் ஏறும். அந்த நிலையில் மாற்றினால் பேரிங் காசோடு போகும். விட்டால் ஹப்பும் போகும். முற்றினால் ஓட்டத்திலேயே சக்கரம் கழன்றுகொள்ளும்.

சரி, இவ்வளவு சத்தம் போட்டும் ஏன் பலர் நடுரோட்டில் நிற்கிறார்கள்? சத்தம் மெல்ல மெல்லக் கூடுவதால் ஓட்டுகிறவன் காது பழகிவிடுகிறது. பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கிறான். புதிதாக ஏறுகிறவர்தான், 'என்னண்ணே, ஏதோ சத்தம் வருதே?' என்று கேட்பார். 'பழைய வண்டின்னா அப்படித்தான்' என்று அவர் வாயை அடைத்துவிடாதே.

வாங்கின கடனும் உடம்பு வலியும் இப்படித்தான் வளரும். வீட்டில் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டதுகூட நமக்கு உறைக்காது. வந்துபோகிற விருந்தாளிக்குத்தான் தெரியும்.

அதனால் மாதம் ஒருமுறை வண்டியை வேறொரு டிரைவரிடம் கொடு. பாட்டை நிறுத்திவிட்டு, வத்தலக்குண்டு வரைக்கும் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து வா. அவர் குறை சொன்னால் ரோஷப்படாதே. முதலில் ஜாக்கி போட்டுப் பார். மறுப்பைப் பிறகு சொல்லலாம்.